இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானங்களின் பாகங்களைச் சேகரிக்க ஆசை. அசல் வாங்குவதா, நகல் வாங்குவதா? ஏமாறாமல் தொடங்குவது எப்படி?

அசலும் வாங்கலாம், நகலும் வாங்கலாம். எது அசல், எது நகல் என்பதை வாங்கிய அன்றே எழுதிவைத்துவிட வேண்டும். இந்தத் துறையைக் கெடுப்பது நகல் அல்ல, அசல் என்று பெயர் மாறிவிட்ட நகல். பதினாறு வருடமாகச் சேர்த்து வருகிறேன், பெரும்பாலும் பிரிட்டிஷ் போர் விமானங்களின் காக்பிட் (விமானி உட்காரும் அறை) பாகங்கள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு நல்ல பொருள் உயரமானி. என்னுடைய முதல் அசல் பாகமும் அதுதான்: மார்க் 14 ('மார்க்' என்பது வடிவத்தின் வரிசை எண்), மூன்று முள் கொண்டது. பெரிய முள் நூறு அடிகளைக் காட்டும், நடு முள் ஆயிரங்களை, குட்டி முள் பத்தாயிரங்களை. முதுகில் கிரீடமும் அதன் கீழே பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகமான ஏர் மினிஸ்ட்ரியைக் குறிக்கும் 'ஏ.எம்.' எழுத்துகளும். குமிழைத் திருகினால் சின்ன ஜன்னலில் காற்றழுத்தத்தைக் குறிக்கும் மில்லிபார் எண்கள் நகரும். வந்த அன்று முள்களைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். முள் அசையவே இல்லை. கண்ணாடியை விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டினேன். பெரிய முள் மெல்ல நகர்ந்து முப்பது அடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. (பறக்கும்போது எஞ்சின் அதிர்வே அந்தத் தட்டலைச் செய்துவிடும்.) காற்றை வெளியேற்றி மூடிய ஒரு மெல்லிய உலோகப் பெட்டிதான் உள்ளே இருக்கிறது. எண்பது வருடம் கழித்தும் மூன்று மாடி உயரத்தின் காற்றழுத்த வித்தியாசம் அதற்குத் தெரிகிறது. அன்று அந்தப் படிக்கட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த நகலும் இதைத் தராது. முதல் பணத்தை ஓர் அசல் கருவியில் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் வாங்குவதற்கு முன் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் ஒளிர்வதற்காக அக்கால டயல்கள் பலவற்றில் எண்களிலும் முள்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். இப்போது இருட்டில் வைத்துப் பார்த்தால் ஒளிராது. அதனால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. ஒளிர்ந்தது அதனோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு, கதிர்வீச்சு பட்டுப் பட்டுச் சிதைந்து போனதும் அதுதான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடி உடையாத, மூடிய கருவியைக் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பார்ப்பது வேறு, திறப்பது வேறு. உதிர்ந்த பூச்சுத் தூளை மூச்சில் இழுப்பதும் விழுங்குவதும்தான் பெரிய ஆபத்து. எனவே திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டதை வாங்காதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வந்துகொண்டே இருக்கும் என்பதால் படுக்கையறையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கதிர்வீச்சை அளக்கும் ஒரு கெய்கர் கருவி வாங்குவது வீண்செலவு அல்ல. இத்தகைய பொருளைத் தபாலில் அனுப்பவும் நாட்டின் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, பெயருக்காகக் கொடுக்கும் விலை. புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பெயரைச் சேர்த்து 'ஸ்பிட்ஃபயர் உயரமானி' என்று விளம்பரத்தில் போட்டால் விலை ஏறிவிடுகிறது. அதே வகை உயரமானி ஹரிக்கேன் போர் விமானத்திலும் இருந்தது, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படை ஆறு கருவிகளை ஒரே பலகையில், எல்லா விமானங்களிலும் ஒரே மாதிரி அமைப்பில் வைத்தது: வேகமானி, செயற்கை அடிவானம், ஏறும் வேகம் காட்டும் கருவி, உயரமானி, திசை காட்டும் கைரோ, திரும்பலும் சறுக்கலும் காட்டும் கருவி. விமானி ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் கண் அதே இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக அப்படி. ஆகவே தனியாகக் கிடைக்கும் ஒரு கருவியைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது, 'ஸ்பிட்ஃபயரில் பயன்பட்ட வகை' என்பது மட்டுமே. 'ஸ்பிட்ஃபயரிலிருந்து எடுத்தது' என்று ஒருவர் சொன்னால், எந்த விமானம், அதன் வரிசை எண் என்ன, யார் எப்போது கழற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பொருளுக்கு மட்டும் விலை கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே ஒரு விமான வகைக்கு மட்டும் உரிய பாகங்களைப் பாக எண்ணை வைத்து அடையாளம் காணலாம். ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரைன் நிறுவனம் அதன் மார்க் 1 வடிவத்துக்கு 300 என்ற வகை எண் கொடுத்திருந்தது. பாகங்களின் வரைபட எண்ணும் 300 என்றே தொடங்கும். மார்க் 9-க்கு 361, மார்க் 14-க்கு 379. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: ஒரு பாகம் மாறாமல் தொடர்ந்தால் பழைய எண்ணும் தொடரும். எனவே 300 என்று பொறித்த கதவுத் தாழ்ப்பாள் மார்க் 9-இலிருந்தும் வந்திருக்கலாம். 300 இருக்கிறது, ஆகவே 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்தது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங்கிலும் இதே கதைதான். அதன் பி-51டி வடிவத்துக்கு உரிய எண் 109, ஆனாலும் அதிலும் முதல் மஸ்டாங்கின் 73 என்று தொடங்கும் பாகங்கள் உண்டு. ஜெர்மன் போர் விமானங்களில், மெஸ்ஸர்ஷ்மிட் 109 பாகங்களில் 8-109 என்றும், ஃபோக்கே-வுல்ஃப் 190 பாகங்களில் 8-190 என்றும் தேடுங்கள். போருக்குப் பிறகு ஸ்பெயினில் பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சினோடு தயாரான பூச்சோன் விமானத்தின் உடல் மெஸ்ஸர்ஷ்மிட்டிலிருந்து வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் பாகங்கள் போர்க்கால ஜெர்மன் பாகங்களாக விலை பேசப்படுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் ஏமாந்த கதையைச் சொன்னால் சோதிக்கும் முறை விளங்கும். ஸ்பிட்ஃபயரின் கட்டுப்பாட்டுத் தண்டின் உச்சியில் ஒரு வளையப் பிடி இருக்கும். கால்களுக்கு நடுவே இடம் குறுகல் என்பதால் தண்டு முழுவதும் பக்கவாட்டில் சாயாது, மேல்பாதி மட்டும்தான் மடங்கும். அந்த வளையத்தில்தான் சுடும் பொத்தான். அதைச் சுற்றியுள்ள பித்தளை வளையத்தைத் திருப்பினால் பாதுகாப்பு நிலையிலிருந்து சுடும் நிலைக்கு மாறும். இந்த ஒரு பாகத்துக்காகப் பல வருடம் பணம் சேர்த்தேன். கிடைத்தது, அசல் என்ற எழுத்து உறுதியோடு. ஆறு மாதம் கழித்து, ஐயமற்ற ஓர் அசலைப் பக்கத்தில் வைத்து வெர்னியர் என்ற நுண் அளவுகோலால் அளந்தபோது என்னுடையது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் சின்னதாக இருந்தது.

காரணம் எளியது. உருக்கிய அலுமினியம் ஆறும்போது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். முதலில் வார்த்தவர்கள் அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்தார்கள். அசலையே மணலில் அழுத்தி அச்செடுப்பவரின் வார்ப்பு அசலைவிடச் சுருங்கித்தான் வரும். பிறகு லென்ஸ் வைத்து எண்களைப் பார்த்தேன். உளியால் அடித்த எண்ணின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும், பள்ளத்தின் சுவர் கூர்மையாக இருக்கும். என்னுடையதில் எண்கள் சோப்புக்கட்டியில் தேய்ந்த எழுத்து போல மழுங்கியிருந்தன. அடித்த எண் இல்லை, அசலின் எண்ணோடு சேர்த்து வார்த்த எண். விற்றவரிடமிருந்து பணம் திரும்பவில்லை. அந்தப் பிடியை நான் விற்கவும் இல்லை. உட்புறத்தில் 'நகல்' என்று உளியால் அடித்து வைத்திருக்கிறேன்.

ஸ்க்ரூக்களும் நிறையச் சொல்லும். அக்கால பிரிட்டிஷ் கருவிகளில் சின்ன ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய அளவு மரை, மரையின் கோணம் 47.5 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. எம்5 என்ற மெட்ரிக் ஸ்க்ரூ எளிதாக ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். ஸ்டார் ஸ்க்ரூ இருந்தாலே போலி என்று சிலர் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆனால் அமெரிக்க விமானங்களில் ஃபிலிப்ஸ் தலை எனப்படும் அந்த ஸ்டார் வடிவம் போர்க்காலத்திலேயே இருந்தது, அது இருப்பது இயல்பு. அதே போல ஒரு ஸ்க்ரூ மட்டும் புதிதாக இருந்தால் யாரோ பழுதுபார்த்திருக்கலாம். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இனி நகலின் பக்கம். நல்ல நகலை நான் மதிக்கிறேன், காசு கொடுத்தும் வாங்குகிறேன். முழுக் கருவிப் பலகை செய்ய வேண்டுமென்றால் வெறும் பலகைக்கு நகல்தான் சரி. அசலைத் தேடி யாரோ ஒரு முழுக் காக்பிட்டைப் பிரித்து விற்கக் காரணமாகாதீர்கள். ரப்பர் பாகங்கள் எண்பது வருடம் தாங்குவதில்லை, அங்கேயும் நகல். ஸ்பிட்ஃபயரின் காக்பிட் கதவில் மாட்டியிருக்கும் கடப்பாரையும் அப்படியே. முப்பரிமாண அச்சில் வரும் பொத்தான்களும் பெயர்த் தகடுகளும் தூரத்துப் பார்வைக்குப் போதும். எனக்கு ஒரே நிபந்தனை: நகலில் அழியாத குறி இருக்க வேண்டும். ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும், என் குறிப்பேடு தொலைந்துவிடலாம். பாகத்தின் மறைவான இடத்தில் பொறித்த எழுத்து நிற்கும். நகலை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, பழைய பெயிண்ட் போலத் தேய்த்து விற்பவர்களிடம் நான் எதுவும் வாங்குவதில்லை.

அடுத்து, விழுந்த விமானங்களின் துண்டுகள். அவற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டுவதும் நகர்த்துவதும் குற்றம். உடல் எச்சங்கள் இருக்கக்கூடும் என்ற இடத்தில் உரிமம் கிடைக்காது. அது நியாயம். லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பி3175 என்ற ஹரிக்கேனின் சிதைவை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1940 ஆகஸ்ட் 31 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானி பிழைக்கவில்லை. முறுக்கிய அந்தத் தகடுகளுக்கு முன்னால் நின்ற பிறகுதான் என் அலமாரியில் இருந்த இரண்டு பெயரில்லாத துண்டுகளை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். இன்னொரு பக்கம், பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940 மே மாதம் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்தது. 1980-இல் மணல் விலகித் தெரிந்தது, மீட்டுச் சீரமைத்து 2011-இல் பறந்தது. விழுந்த எல்லாமே அப்படியே கிடக்க வேண்டும் என்பதில்லை. உரிமத்தோடு, பதிவோடு வந்த துண்டை வாங்குங்கள், அந்தப் பதிவின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். குண்டு, தோட்டா, துப்பாக்கிப் பாகம் எதையும் உங்கள் நாட்டுச் சட்டம் தெரியாமல் தொடாதீர்கள். எஞ்சின் பக்கத்துத் தடுப்புத் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது.

சுத்தம் செய்வதில் கை துறுதுறுக்கும். பாலிஷ் போடாதீர்கள். அலுமினியத் தகட்டின் உட்புறத்தில் ஆலையில் அச்சிட்ட எழுத்து, பரிசோதகரின் மை முத்திரை, யாரோ பென்சிலால் கிறுக்கிய எண் எல்லாம் இருக்கலாம். ஒரு கம்பித் துடைப்பம் ஐந்து நிமிடத்தில் அவற்றை அழித்துவிடும். கதிரியக்கப் பூச்சு இல்லாத தகட்டுக்கு மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும், பிறகு நன்றாக உலர வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற வருடம், கண்காட்சிக்காக ஒரு ஸ்பிட்ஃபயர் காக்பிட்டைச் சீரமைக்கும் தன்னார்வலர்கள் தொடர்பு கொண்டார்கள். சக்கரம் இறங்கியதா என்று விமானிக்குக் காட்டும் சின்னப் பெட்டி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் ஓர் அசல் இருந்தது. இரண்டு வாரம் யோசித்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். அதை அளந்து எனக்கு ஒரு நகல் செய்து அனுப்பினார்கள். என் பலகையில் இப்போது இருப்பது அதுதான். அதன் முதுகில் 'நகல்' என்ற சொல்லையும் செய்த ஆண்டையும், நான் கேட்காமல், அவர்களே பொறித்திருந்தார்கள்.