பாடைக்கு மூங்கில்

அன்புள்ள ஐயா,

தங்கள் பழைய குறிப்பு ஒன்றில் கிரேவ்டிக்காஸ் என்ற நியூயார்க் ராப் குழுவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி அவர்களுடைய முதல் தொகுப்பைக் கேட்டேன். பிணம், ரத்தம், சவக்குழி என்று அருவருப்புதான் மிஞ்சியது. தற்கொலையைக்கூட வேடிக்கையாக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. இத்தனை திறமைசாலிகள் ஏன் இந்த அளவுக்கு இறங்கினார்கள்? பயங்கரத்தைப் பாடும் ஹாரர்கோர் என்ற ராப் வகையைத் தொடங்கியவர்கள் இவர்கள்தானா? மூன்று தொகுப்புகளோடு முடிந்துபோன குழு தோற்றதாகத்தானே பொருள்? கல்லூரியில் படிக்கும் என் தம்பி இதையே இரவும் பகலும் கேட்கிறான். தடுக்கலாமா?

செல்வம், திருப்பூர்

அன்புள்ள செல்வம்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் தாய்மாமாவின் திதி வந்தது. அவர் நினைவு வரும்போதெல்லாம் நான் எடுத்துக் கேட்பது இந்தத் தொகுப்பைத்தான். அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

யார் தொடங்கினார்கள் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். டெட்ராய்ட்டில் ஈஷாமும் ஹூஸ்டனில் கெட்டோ பாய்ஸும் இவர்களுக்கு முன்பே பயங்கரத்தைப் பாடியவர்கள். இவர்களுடைய தொகுப்பு வந்த அதே 1994இல் ஃபிளாட்லைனர்ஸ் என்ற குழுவும் வந்தது. பெயர்ப்பலகையை முதலில் மாட்டியவர் யார் என்பது கடைக்காரர்களின் கவலை.

‘இறங்கினார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. அவர்கள் எங்கிருந்து இறங்கினார்கள் என்று தேடிப் பார்த்தீர்களா? 1989இல் டி லா சோல் குழுவின் முதல் தொகுப்பை உருவாக்கி, ராப் இசைக்குள் குறும்பையும் வண்ணத்தையும் கொண்டுவந்தவர் பிரின்ஸ் பால். சில ஆண்டுகளுக்குள் அவருடைய சொந்த நிறுவன முயற்சி முளையிலேயே கருகியது, அவருடைய காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சும் எழுந்தது. அப்போது அவர் தன் வீட்டுக்கு அழைத்தவர்கள் மூவர். ஸ்டெட்சசானிக் குழுவில் அவருடன் இருந்த ஃப்ருக்வான் ஒருவர். பிரின்ஸ் ரக்கீம் என்ற பெயரில் 1991இல் ஒரு தனிப்பாடல் வெளியிட்டு, அதன் பிறகு நிறுவனத்தால் கைவிடப்பட்ட ரிஸா மற்றொருவர். டிரினிடாடில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்த பொயட்டிக் மூன்றாமவர். நால்வரும் டாமி பாய் என்ற ஒரே இசைத்தட்டு நிறுவனத்தின் வாசல் வழியாக வெளியே வந்தவர்கள். இசைத்தொழில் புதைத்துவிட்ட நால்வர் ஒன்றுகூடித் தங்களுக்கு வெட்டியான்கள் என்று பெயரிட்டுக்கொண்டதில் அருவருப்பை மட்டும் காண்பவரிடம் நான் என்ன சொல்வது! டி லா சோலின் தொகுப்புப் பெயரில் மூன்றடி உயரம் இருந்தது, இந்தத் தொகுப்பின் பெயரில் ஆறடி ஆழம் இருக்கிறது. தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் அந்தக் கணக்குக்கூட உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் பேருந்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தொகுப்பில் ஒரு நீதிமன்றப் பாட்டு உண்டு. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கூண்டில் நின்று, தங்களைப் பேய் பிடித்திருந்தது, புத்தி பேதலித்திருந்தது என்று ஒருவர் மாற்றி ஒருவர் வாதாடுவார்கள். அந்தக் கூண்டில் நின்று பாடும் ரிஸா, அதற்குச் சற்று முன்புதான் ஒஹையோ மாநிலத்தில் கொலை முயற்சி வழக்கில் உண்மையான நீதிமன்றத்தில் நின்று விடுதலையாகி வந்தவர். நடுங்கிய இடத்துக்கே திரும்பிப் போய் அங்கே கூத்துக் கட்டுவது எல்லோராலும் முடிகிற காரியமன்று. தற்கொலைப் பாட்டுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதில் சிரிப்பு தவறிப்போய்விட்டது, உங்கள் கோபம் நியாயமானது.

இனி மாமா. குடலில் புற்றுநோய் முற்றிய நிலையில் அவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். துக்க முகத்தோடு கட்டிலைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்து அவர் ஒருநாள், “பாடைக்கு மூங்கில் நேரானதாகப் பார்த்து வாங்குங்கடா, எனக்கு முதுகுவலி இருக்கிறது” என்றார். பெரியவர்கள் அபசகுனம் என்று அதட்டினார்கள். எனக்கும் கோபம் வந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். ஏறக்குறைய நீங்கள் இப்போது எழுதியிருக்கும் கடிதத்தைத்தான் நான் அன்று திண்ணையில் உட்கார்ந்து மனத்துக்குள் எழுதினேன், செல்வம். சாவைப் பேசச் சாகிறவனுக்கு இருக்கும் உரிமைகூடத் தெரியாத வயது எனக்கு.

பொயட்டிக் அந்தக் குழுவில் வைத்துக்கொண்ட வேடப்பெயர், அரிவாள் ஏந்தி வரும் காலனின் பெயர். அந்த வேடத்தில் குரலை உடைத்தும் கிறீச்சிட்டும் மற்ற மூவரைவிடப் பயமுறுத்தியவர் அவர்தான். 1999இல் அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்டதும் குடல் புற்றுநோயே. ரிஸா அதற்குள் வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் தலைவராக உலகப் புகழ் பெற்றிருந்தார். பிரின்ஸ் பால் 1997இன் இரண்டாம் தொகுப்பிலேயே பெரும்பாலும் விலகியிருந்தார். எஞ்சிய ஃப்ருக்வானும் பொயட்டிக்கும்தான் மூன்றாம் தொகுப்பை உருவாக்கினார்கள். சிகிச்சைக்கு நடுவில் பொயட்டிக் எழுதிப் பாடினார், தன் நோயையே பாட்டாக்கினார். 2001 ஜூலையில் இறந்தார். முதல் தொகுப்பின் மெருகு அந்தக் கடைசித் தொகுப்பில் இல்லை, ஒலிப்பதிவு பல இடங்களில் மெலிந்திருக்கிறது. ஆனாலும் காலன் வேடம் கட்டியவன் காலன் வந்த பிறகும் வேடத்தைக் கலைக்காமல் நின்றதை நான் அங்கேதான் கேட்டேன். இதைத் தோல்வி என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? எத்தனை தொகுப்பு, எத்தனை விற்பனை என்று எண்ணுவதற்கு நிறுவனங்களில் ஆட்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள்.

தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவனோடு உட்கார்ந்து ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், அந்தத் தற்கொலைப் பாட்டு வரும்போது எழுந்து போகாமல் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கடிதம் எனக்கு எழுதுவதைவிட அது முக்கியம்.

மாமாவுக்குப் பாடை கட்டிய அன்று, அழுதுகொண்டிருந்த மாமி நடுவில் எழுந்து வந்து, வளைந்திருந்த ஒரு மூங்கிலைக் காட்டி, இதை மாற்றுங்கள் என்றார். மாற்றினோம்.