ரயில்வேயில் வேலை பார்க்காத ஒருவர் உண்மையான ரயில் என்ஜினை ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் நம் நாட்டில் முடியாது. கேள்வி கேட்டவர், ரயில்வேயில் சேராமலேயே ஓர் உண்மையான என்ஜினைத் தன் கையால் ஓட்டிப் பார்க்க வழி உண்டா, அப்படி ஓட்டியவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா, அதற்கு ஆகும் செலவு தகுமா என்று கேட்டிருக்கிறார். நான் ஓட்டியிருக்கிறேன், அதுவும் பணி ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில். நான் காட்பாடிக்காரன். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்தவன்; பயணச்சீட்டைத் தாண்டி ரயில்வேக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது.

முதலில் நம் ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்திய ரயில்வேயில் என்ஜினைத் தொடுவதற்கு ஒரே வழி, ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத்தின் தேர்வு எழுதி உதவி லோகோ பைலட்டாக, அதாவது என்ஜின் ஓட்டுநரின் உதவியாளராகச் சேர்வதுதான். பத்தாம் வகுப்போடு ஐடிஐ, அல்லது பொறியியலில் டிப்ளமோ வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு கணினி வழியாக மனத்திறன் சோதனை ஒன்று உண்டு. அதையும் தாண்டினால் ஏ-1 என்னும் மருத்துவத் தகுதி. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் ஆறுக்கு ஆறு பார்வை இருக்க வேண்டும், நிறங்களைப் பிரித்தறியும் திறனில் குறை இருக்கக் கூடாது, லேசர் சிகிச்சையால் பார்வையைச் சரி செய்துகொண்டவரையும் எடுக்க மாட்டார்கள். பள்ளியிலேயே கண்ணாடி போட்டுக்கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவு அப்போதே மூடிவிட்டது. சேர்ந்தவர்களும் உடனே விரைவு ரயிலை ஓட்டிவிடுவதில்லை. உதவியாளராகப் பல ஆண்டுகள், பிறகு நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங், சரக்கு ரயில், பயணிகள் ரயில், கடைசியாகத்தான் மெயில், எக்ஸ்பிரஸ் என்று படிப்படியாக ஏற வேண்டும்.

தெரிந்த லோகோ பைலட் ஒருவரைக் கேட்டுக்கொண்டு கேபினில் ஏறிவிடலாமே என்று ஆர்வலர்களில் சில தம்பிகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 156ஆம் பிரிவில், தடை செய்த பிறகும் என்ஜினில் பயணம் செய்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. உங்களுக்கு அபராதத்தோடு போய்விடலாம். ஏற்றிக்கொண்டவருக்கோ வேலையே ஆட்டம் கண்டுவிடும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த இடம், பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வாலாஜா ரோடு. அரக்கோணத்தில் மின்சார என்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட், காட்பாடியில் நான்கு திசைக்கும் பிரியும் பாதைகள், ஜோலார்பேட்டையில் பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிகிற சந்திப்பு என்று ரயிலோடு பின்னிப் பிணைந்த மாவட்டம் இது. ஹரியானாவின் ரேவாரியில் ஒரு நீராவி என்ஜின் ஷெட் இருக்கிறது, 1855இல் செய்த ஈஐஆர்-21 என்ற நீராவி என்ஜினைப் பெரம்பூர்ப் பணிமனை உயிர்ப்பித்து வைத்திருக்கிறது, நீலகிரியில் பல்சக்கர ரயில் ஓடுகிறது. இவற்றைப் பார்க்கலாம், சிலவற்றில் பயணம் செய்யலாம், படமெடுக்கலாம். கைப்பிடியைத் தொட முடியாது. ஓட்டிப் பார்க்கும் ஆசைக்குத் தில்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் சிமுலேட்டர் உண்டு, அவ்வளவுதான். போக்குவரத்து இல்லாத ஒரு பழைய சைடிங்கும் (ஒதுக்குப் பாதையும்) அனுபவமுள்ள ஓய்வுபெற்ற ஓட்டுநர் இருவரும் இருந்தால் இங்கேயும் இதை ஒழுங்காக நடத்தலாம் என்பது என் கருத்து.

வெளிநாடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில் பாதைகள் பலவற்றில், பணம் கட்டியவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, பக்கத்திலேயே நின்று, நீராவி என்ஜினை ஓட்ட விடுகிறார்கள். போலந்தின் வோல்ஸ்டின் ஊரில் இன்னும் ஒரு படி மேலே போய், பயணிகள் ஏறிய வழக்கமான நீராவி ரயிலையே ஆர்வலர்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை 1997 முதல் ஒரு பிரிட்டன்காரர் நடத்தினார். கலிபோர்னியாவின் போர்டோலாவில் உள்ள ரயில் அருங்காட்சியகம் டீசல் என்ஜின்களை மணிக் கணக்கில் ஓட்டக் கொடுக்கிறது. நான் போனது நெவாடாவில் ஈலி என்ற சிற்றூருக்கு. அங்கிருந்த தாமிரச் சுரங்கங்களுக்காக 1900களில் போட்ட நெவாடா நார்தர்ன் ரயில்வே, சுரங்கப் போக்குவரத்து நின்ற பிறகு, பணிமனை, நிலையம், என்ஜின்கள் எல்லாவற்றோடும் அப்படியே அருங்காட்சியகமாக நிற்கிறது.

என் மகன் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, “அப்பா, நீங்க பார்த்துக்கிட்டே நின்ன கதையெல்லாம் போதும், ஒரு தடவை ஓட்டியே பாத்துடுங்க” என்று சொல்லி, அவனே பணம் கட்டிவிட்டான். ஈலிக்கு நான்கு மணி நேரம் போல கார்ப் பயணம். வழி நெடுகப் பொட்டல் வெளி. நீராவியா டீசலா என்று கேட்டபோது நான் யோசிக்காமல் டீசலைத்தான் கேட்டேன், காரணம் அந்த என்ஜினின் குலம். அது ஆல்கோ நிறுவனத்தின் ஆர்எஸ்-3 ரகம். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் இருந்த அதே நிறுவனம்தான் நம் டபிள்யூடிஎம்-2 டீசல் என்ஜினையும் வடிவமைத்தது. 1962இல் அங்கிருந்து வந்தவை போக, 1964 முதல் வாராணசியில் நாமே செய்தோம். காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் வேலூர் கன்டோன்மென்ட் வழியாக ஓடிய ஒய்டிஎம்-4 என்ஜினும் ஆல்கோ வடிவம்தான். என் இளமையின் மாலைகள் பெரும்பாலும் காட்பாடி நடைமேடையின் கோடியில் நின்று இந்த என்ஜின்களைக் கேட்பதிலேயே கழிந்தன. கேட்பதில் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே ரகம் சொல்லும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு.

ஓட்டுவதற்கு முன் அவர்களுடைய விதிப்புத்தகத்தைப் படித்து எழுத்துத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். கை சைகைகள், ஹாரன் ஒலிகள், யார் எப்போது யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பவை அதில் வரும். அது வெறும் சடங்கு அன்று.

கேபினுக்குள் இடப்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டிய கண்ட்ரோல் ஸ்டாண்டு. என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கைப்பிடியில் நம் டபிள்யூடிஎம்-2 போலவே எட்டு நாட்ச், அதாவது எட்டுப் படிகள். முன்னே பின்னே என்று திசையைத் தீர்மானிக்கும் ரிவர்சர் கைப்பிடி தனியாகக் கழற்றக் கூடியது. அதைக் கையோடு எடுத்துப் போய்விட்டால் என்ஜினை வேறு யாரும் நகர்த்த முடியாது. பிரேக்குக்கு இரண்டு பித்தளைக் கைப்பிடிகள், ஒன்று முழு ரயிலுக்கும், மற்றது என்ஜினுக்கு மட்டும். நம் ஓட்டுநர்கள் ஏ-9, எஸ்ஏ-9 என்று சொல்வது இந்த இரண்டையும்தான். பக்கத்தில் நின்ற மூத்த ஓட்டுநர், என்னைவிடவும் வயதானவர், என்ஜின் பிரேக்கை மட்டும் நான் கையாள வேண்டும் என்றும், தான் நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, மணியை அடிக்கச் சொன்னார். இரண்டு குறுகிய ஹாரன் கொடுத்து, பிரேக்கைத் தளர்த்தி, முதல் நாட்சை வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. என்ஜினின் குரல் மட்டும் ஒரு சுருதி ஏறியது. ஆம்பியர் காட்டும் முள் மெல்ல எழுந்தது. அதற்குப் பிறகுதான், ஜன்னலுக்கு வெளியே சரளைக் கற்கள் பின்னால் போவதைப் பார்த்து, நகர்கிறோம் என்று தெரிந்துகொண்டேன். நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்று நகர்வதை உடம்பு உணரவே இல்லை, கண்தான் சொன்னது. நாட்சை ஏற்றிய பிறகு, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழன்று போதிய காற்றைத் தருவதற்குச் சற்று நேரம் ஆகும். அதுவரை எரியாத எண்ணெய் கரும்புகையாக வெளியே வரும். நடைமேடையில் நின்றவனுக்கு அந்தப் புகைதான் ஆல்கோவின் அழகு. கேபினில் இருப்பவனுக்கு அது, அவசரப்பட்டு நாட்ச் ஏற்றாதே என்ற சேதி.

ஊரின் சாலையைக் கடக்கும் இடத்தில் நீளம், நீளம், குறுக்கம், நீளம் என்று ஹாரன் கொடுத்துத் தாண்டி, பாதை ஒரு பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து மேலே ஏறியது. ஏறுவது எளிது. மேடே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நாட்சைக் கூட்டிக் குறைத்தால் போதும். அங்கே இருந்த நேரம் முழுவதும், ஜோலார்பேட்டையை விட்டு பெங்களூர்ப் பக்கம் மேடேறும் சரக்கு ரயில்களின் முனகல்தான் காதில் இருந்தது. திரும்பும்போது இறக்கம். அங்கேதான் ரயில் ஓட்டுதல் என்பது என்ன என்று எனக்குப் பிடிபட்டது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரயிலின் சிக்கனத்துக்குக் காரணமும் அதுவே, நிற்க மறுப்பதற்குக் காரணமும் அதுவே. பிரேக்கைச் சற்று வைத்தால் உடனே எதுவும் தெரியாது. தெரியவில்லையே என்று இன்னும் வைத்தால், காற்றழுத்தம் சிலிண்டரில் சேர்ந்து, தேவைக்கு மேல் பிடித்துவிடும். கிணற்றில் கனமான குடத்தைக் கயிற்றில் இறக்கும்போது, இழுக்கவும் செய்யாமல் விட்டும் விடாமல் உள்ளங்கையில் கயிற்றை ஓடவிடுவோமே, அந்தப் பக்குவம் கைக்கு வர வேண்டும். மூத்தவர் வேகமானியைப் பார்க்கவே இல்லை, பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீட்டரையே பார்ப்பதைக் கண்டு, வெளியே பார் என்பதுபோல் முகவாயால் காட்டினார்.

ஊர் திரும்பியதும், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மெயில் டிரைவர் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “ஓட்டுனது இருக்கட்டும் சார், எங்க நிறுத்துனீங்க? சொன்ன எடத்துலயா, தாண்டியா?” என்றார். சொன்ன இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன் என்றதும் சிரித்தார். “அது தப்பில்ல. ஆனா இருபத்திநாலு பெட்டிய வெச்சிக்கினு அப்படி நிறுத்துனா, கடைசிப் பெட்டி ஜனம் சரளைலதான் எறங்கணும்” என்றார். இப்போதைய என்ஜின்களில் விழிப்புக் காவல் கருவி ஒன்று இருப்பதை அவர்தான் விளக்கினார். ஓட்டுநர் ஏறக்குறைய ஒரு நிமிடம் எந்தக் கைப்பிடியையும் பொத்தானையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும். அப்போதும் தொடாவிட்டால் சில விநாடிகளில் பஸர் ஒலிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் ரயில் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். இதற்கு நடுவில் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, அதன் நிறத்தை உதவியாளரும் அவரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஈலியில் எனக்கு இருந்ததோ போக்குவரத்தே இல்லாத ஒற்றைப் பாதையும் பகல் வெளிச்சமும்.

செலவு தகுமா என்பது கடைசிக் கேள்வி. நூற்றுக்கணக்கான டாலர் ஆகும், நீராவி என்றால் டீசலைவிடக் கூடுதல். இதற்காகவே கடல் கடந்து போவது என் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளையைப் பார்க்கவோ வேலை நிமித்தமாகவோ போகிறவர் அந்தப் பயணத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் தாராளமாகத் தகும். எதை ஓட்டுவது என்பதில் மற்றவர்கள் நீராவியைத்தான் சொல்வார்கள். நீராவியில் தீயைப் பார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு என்பதால், கொதிகலனின் நீர்மட்டம் முதல் எல்லாவற்றையும் வேறொருவர் கவனித்துக்கொள்ள, நீங்கள் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் கைப்பிடியைப் பிடித்திருப்பீர்கள். டீசலில் கிடைக்கும் நேரம் முழுவதும் நாட்சும் பிரேக்கும் உங்கள் கையிலேயே இருக்கும். நம் ஊர் டீசல்களைக் கேட்டு வளர்ந்தவர் என்றால் ஆல்கோ இருக்கும் இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். விதிப்புத்தகத்தைக் கிளம்புவதற்கு முன்பே, இந்தியாவில் இருக்கும்போதே படித்து முடித்துவிடுங்கள். ஏணிப்படிகள் செங்குத்தானவை, செருப்போடு போனால் ஏற விட மாட்டார்கள், மூடிய தோல் ஷூ வேண்டும். காதடைப்பானை அவர்கள் தருவார்கள், அந்தக் குரலைக் கேட்க வேண்டுமே, முதல் நாட்ச் வைக்கும்வரை அதை மாட்டாதீர்கள்.