பிழைப் பதிவேடும் நீதிமன்றமும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். பிரிட்டனில் உள்ள கடைகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒன்றுக்கான சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். குறித்த நேரத்துக்குள் டிக்கெட்டை (ஒவ்வொரு புகாருக்கும் திறக்கும் பதிவை) மூட வேண்டும் என்ற ஒப்பந்த நெருக்கடியால், காரணம் பிடிபடாத புகார்களைப் 'பயனர் தவறு' என்று குறித்து மூடிவிடுவது எங்கள் குழுவில் வழக்கம். அண்மையில், ஒரு கடையில் கணக்கில் பணம் குறைந்ததற்காக ஒரு பெண் ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்றும், அவர் வழக்குத் தொடுக்கக்கூடும் என்றும் அறிந்தேன். அவர் அனுப்பிய புகாரையும் நாங்கள் அப்படித்தான் மூடியிருந்தோம். பின்னர் வேறொரு சோதனையின்போது அதே மாதிரியான குறைவு எங்கள் திரையிலேயே தோன்றியது. "அது வாடிக்கையாளரின் விவகாரம், நாம் எதையும் எழுதித் தர வேண்டாம்" என்கிறார் மேலாளர். மென்பொருளில் பிழை இருப்பது குற்றமா? அதை அறிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றமா? அந்தப் பெண்ணுக்கு நானே நேரடியாக எழுதிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

பிழை இருப்பது குற்றமன்று. பிழையே இல்லாத பெரிய மென்பொருளை இதுவரை யாரும் எழுதியதில்லை. அதை எதிர்பார்க்கும் சட்டமும் எங்கும் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்கு நான் விதிகளை அடுக்கிப் பதில் சொல்வதைவிட, நீங்கள் எந்த நாட்டின் கடைகளுக்காக வேலை செய்கிறீர்களோ அதே நாட்டில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்வதே பயன்படும்.

பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளை நிறுவத் தொடங்கியது. அதை உருவாக்கிப் பராமரித்தது ஃபுஜிட்சு குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். அங்கே பெரும்பாலான கிளைகளை நடத்துபவர்கள் 'சப் போஸ்ட்மாஸ்டர்' எனப்படுபவர்கள். இவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அல்லர். தங்கள் கடையின் ஒரு பகுதியில் ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகத்தை நடத்தும் சிறு வணிகர்கள். கணக்கில் குறையும் பணத்தைத் தாங்களே ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பொருள்கொண்டு நிறுவனம் அவர்களிடம் வசூலித்தது. மென்பொருள் வந்தபின், விளக்க முடியாத குறைவுகள் பல கிளைகளில் தோன்றின. உதவி எண்ணை அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், இப்படி வேறு யாருக்கும் நடக்கவில்லை, உங்களுக்கு மட்டுந்தான் என்பது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு, மோசடி ஆகிய குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டனர். இவற்றில் 700க்கும் மேற்பட்ட வழக்குகளை அஞ்சல் நிறுவனமே தொடுத்தது. பணம் குறைந்ததாகச் சொன்னதும், விசாரணை நடத்தியதும், வழக்கு நடத்தியதும் ஒரே அமைப்பு.

இவ்வளவு பேர் எப்படித் தண்டிக்கப்பட்டார்கள் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது. 1984ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, ஒரு கணினி தரும் ஆவணத்தைச் சாட்சியமாக முன்வைப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்பதைக் காட்ட வேண்டும் என்றது. இது தேவையற்ற சுமை என்று கருதிய சட்ட ஆணையம் நீக்கிவிடப் பரிந்துரைத்தது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியது. 2000இல் அது நடைமுறைக்கு வந்தது. ஹொரைசன் நாடு முழுவதும் பரவிய அதே காலம் அது. அதன்பின், மாறாகக் காட்டப்படும் வரை இயந்திரம் சரியாகவே இயங்கியது என்று கொள்ளும் பழைய பொதுச் சட்ட (நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி உருவான சட்டத்தின்) அனுமானம் மட்டும் எஞ்சியது. கைக்கடிகாரத்துக்கும் வேகமானிக்கும் அந்த அனுமானம் ஓரளவு பொருந்தும், ஏனெனில் அவை கெட்டுப்போனால் பெரும்பாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான கிளைகளை இணைக்கும் ஒரு கணக்கு அமைப்பில், குறிப்பிட்ட சில படிகள் குறிப்பிட்ட வரிசையில் நிகழும்போது மட்டும் எழும் பிழை அப்படித் தெரிவதில்லை. அது எழும் கிளையிலும் அடுத்த நாளே எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாறாகக் காட்ட வேண்டிய பொறுப்போ, மென்பொருளின் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியாத கடைக்காரரின் தலையில் விழுந்தது.

பிரிட்லிங்டன் நகரில் அஞ்சலகம் நடத்திய லீ காசில்டன் உதவி எண்ணை 91 முறை அழைத்தார். சுமார் 25,000 பவுண்டு குறைவுக்காக அஞ்சல் நிறுவனம் அவர்மேல் உரிமையியல் வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தானே வாதாடினார். 2007இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது; வழக்குச் செலவாக மட்டும் 3,21,000 பவுண்டு செலுத்தச் சொன்னார்கள்; அவர் திவாலானார். ஹாம்ப்ஷையரில் ஜோ ஹாமில்டன் உதவி எண்ணில் சொன்னபடியே செய்தபோது, 2,000 பவுண்டு குறைவு அவர் கண்முன்னே இரட்டிப்பானது. திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து தப்புவதற்காகப் பொய்க்கணக்குக் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார்.

நீங்கள் முக்கியமாக அறிய வேண்டியது சீமா மிஸ்ராவின் வழக்கு. சர்ரே மாவட்டத்தின் வெஸ்ட் பைஃப்ளீட் ஊரில் அஞ்சலகம் நடத்திய இந்திய வம்சாவளிப் பெண் அவர். ஏறத்தாழ 74,000 பவுண்டைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அவருடைய தரப்பு மென்பொருளின் பிழைப் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டது. போதிய அளவு கொடுக்கப்படவில்லை. அந்த விசாரணை நடந்த அதே காலகட்டத்தில், வரவும் செலவும் பொருந்தாமல் போகும் ஒரு பிழை பல கிளைகளைப் பாதித்திருப்பது அஞ்சல் நிறுவனத்துக்கும் ஃபுஜிட்சுவுக்கும் தெரிந்திருந்தது. இருதரப்பும் கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. இந்தப் பிழை பரவலாகத் தெரிந்தால் மென்பொருள்மேல் கிளைகள் வைத்திருக்கும் நம்பிக்கை குறையும் என்றும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படித்தபின் பிழையை எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவர்களும் படித்தவர்களும் அன்று மாலை வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கிளையின் கணக்கை அந்தக் கிளைக்காரருக்குத் தெரியாமல் தொலைவிலிருந்து ஃபுஜிட்சு ஊழியர்களால் மாற்ற முடியும். அது முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகள் மறுத்து வந்தது. ஃபுஜிட்சுவின் சப்போர்ட் பிரிவில், அதாவது நீங்கள் பார்க்கும் அதே வகை வேலையில், முன்பு இருந்த ரிச்சர்ட் ரோல் என்பவர் 2015இல் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி, அது முடியும் என்றும் நடந்தது என்றும் சொன்னார். பின்னர் நீதிமன்றத்திலும் சாட்சியம் அளித்தார். முன்னாள் சப் போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் நீதிபதி ஃப்ரேசர் 2019 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, ஹொரைசனில் கணக்கைப் பாதிக்கும் பிழைகள் இருந்தன என்பதையும் தொலைவிலிருந்து மாற்ற முடிந்தது என்பதையும் உறுதி செய்தது. அஞ்சல் நிறுவனத்தின் நிலைப்பாடு பூமி தட்டை என்று வாதிடுவதற்கு ஒப்பானது என்றார் அவர். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீமா மிஸ்ரா, ஜோ ஹாமில்டன் உள்ளிட்ட 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. எஞ்சியவர்களில் பெரும்பாலோரை விடுவிக்க 2024 மே மாதம் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்த விவகாரம் குறித்து நடந்த பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. குறைந்தது 13 பேரின் தற்கொலை இதனோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று அது சொல்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கணினி சரியாக இயங்கியது என்ற அனுமானம் இங்கிலாந்தில் உடனே மாற்றப்படவில்லை. அதை மாற்றலாமா என்று அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதே 2025 ஜனவரியில்தான். ஆகவே உங்கள் குழு 'பயனர் தவறு' என்று எழுதி மூடும் ஒவ்வொரு டிக்கெட்டையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு அது நேரக் கெடுவைத் தாண்ட உதவும் ஒரு குறியீடு. ஒரு வழக்கறிஞரின் கையில் அது, நிபுணர்கள் ஆராய்ந்து மென்பொருளில் குறையில்லை என்று கண்டதற்கான எழுத்துச் சான்று. நீங்கள் ஆராயவில்லை என்பது அந்த இரண்டு சொற்களில் எங்கும் தெரியாது. காரணம் தெரியவில்லை என்றால் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்றே எழுத வேண்டும். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் காணவில்லை.

நம் நாட்டுச் சட்டம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இங்குள்ள நிறுவனங்களுக்கும் நீங்கள் வேலை செய்ய நேரலாம் என்பதால் சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வழியாக இந்திய சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கச் சான்றிதழ் வேண்டும் என்றது. கணினி அந்தக் காலத்தில் சரியாக இயங்கியது என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. அந்தச் சான்றிதழ் கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. சான்றிதழில் நிபுணர் ஒப்பமிடும் பகுதி ஒன்றும், பதிவின் ஹேஷ் மதிப்பும் (பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) புதிதாகச் சேர்ந்துள்ளன. பிரிட்டன் கைவிட்ட காப்பு நம்மிடம் இருக்கிறது என்று இதைக் கண்டு மகிழலாம். எனக்கு முழு நிம்மதி இல்லை. ஹேஷ் மதிப்பு, பதிவு எடுக்கப்பட்ட பின் அதில் யாரும் கைவைக்கவில்லை என்பதைத்தான் காட்டும். முதலில் பதிவான தொகையே தவறு என்றால், அந்தத் தவறு ஒரு எழுத்தும் மாறாமல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கணினியைக் கையில் வைத்திருக்கும் தரப்பே பெரும்பாலும் சான்றிதழையும் தருகிறது. பிழைப் பதிவேட்டைப் பார்க்காமல் அச்சிட்ட படிவத்தில் ஒப்பமிடும் பழக்கம் வேரூன்றிவிட்டால், 63ஆம் பிரிவும் அந்த அனுமானத்தைத்தான் வேறு வழியில் கொண்டுவந்து நிறுத்தும். அப்படி ஒப்பமிடச் சொல்லி உங்களிடம் ஒரு படிவம் வந்தால் நினைவில் கொள்ளுங்கள்: முக்கியமான செய்தியில் பொய் என்று தெரிந்தே சான்றிதழ் அளிப்பவரைப் பொய்ச்சாட்சி சொன்னவராகவே நடத்துகிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 234ஆம் பிரிவு. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை, அது வரக்கூடாது என்ற நோக்கத்தோடு அழிப்பது 241ஆம் பிரிவின்படி குற்றம்.

அறிந்தும் சொல்லாமல் இருப்பதை மட்டுமே வைத்து, உங்கள் நிலையில் உள்ள ஓர் ஊழியரைச் சட்டம் பொதுவாகத் தண்டிப்பதில்லை. தொழில் அறம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. கணினித் துறையினரின் உலகளாவிய சங்கமான ஏசிஎம் 2018இல் புதுப்பித்த நெறிமுறை, தீங்கு விளைவிக்கக்கூடிய ஆபத்தின் அறிகுறியைக் கண்டவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நீங்களே எழுத வேண்டாம். அவசரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையோ வாடிக்கையாளர் தரவையோ வெளியே அனுப்பிவிட்டால், அதில் யாருடைய தனிப்பட்ட விவரமாவது இருக்குமானால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு உங்கள்மேல் திரும்பும் வாய்ப்பு உண்டு. உங்கள் வேலையும் போகும், பேச்சு உங்கள் மீறலைப் பற்றியதாக மாறிவிடும். அவருக்கும் அதனால் பயன் குறைவு. மாறாக, மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்தப் பதிப்பில், எந்தப் படிகளைச் செய்தபோது குறைவு தோன்றியது என்பதை, இன்னொருவர் அதைச் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள். முன்பு மூடிய அவருடைய டிக்கெட்டை மீண்டும் திறந்து, முந்தைய முடிவு ஆய்வின் அடிப்படையில் எடுக்கப்பட்டதன்று என்ற உண்மையைச் சேருங்கள். வாடிக்கையாளருக்கு இதை எழுத்தில் தெரிவிக்கும்படியும், தொடர்புடைய பதிவுகள் எதையும் அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 177ஆம் பிரிவின்படி ஊழியர்கள் புகார் சொல்வதற்கென ஒரு கண்காணிப்பு ஏற்பாடு அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். அதற்குக் கொண்டு செல்லுங்கள். இல்லையென்றால், அடுத்த அடி எடுக்கும் முன் தொழிலாளர் வழக்குகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அறிந்த ஒரு வழக்கறிஞரை நீங்கள் தனியாகப் பாருங்கள்.

அந்தப் பெண் வழக்குத் தொடுத்து, அவருடைய தரப்பு பிழைப் பதிவேட்டைக் கேட்டால், நீங்கள் இன்று எழுதும் அந்த வரிகள் அங்கே இருக்கும். வழக்குத் தொடுக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

அன்புடன்.