ஆயா கொடுத்த மங்குத் தட்டில் சாப்பிடலாமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டுச் சீர் சாமானில் ஒரு மரப்பெட்டி மங்கு எனக்கு வந்திருக்கிறது. நீலப் படம் போட்ட தட்டு 14, தங்கக் கோடு போட்ட ஜப்பான் டீ செட் (மூன்று சாஸர் இல்லை), பழைய ஊறுகாய் ஜாடி இரண்டு, மூடி போட்ட பெரிய கிண்ணம் ஒன்று. தை மாதம் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் இருபது பேர் எங்கள் ஃப்ளாட்டுக்கு வருகிறார்கள். இவற்றில் பரிமாறலாமா? சின்ன வீட்டில் எப்படி வைப்பது? மொத்தமாக விற்றுவிடலாம் என்கிறார் கணவர். தட்டுகளின் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஆயாவின் இனிஷியல் இருக்கிறது. தின்னர் போட்டு எடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ‘மங்கு’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததுமே சந்தோஷமாக இருந்தது. பீங்கான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், மங்கு என்று சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மலாயில் கிண்ணத்துக்கு ‘மங்குக்’ என்றுதான் பெயர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழிலுக்குப் போனவர்கள் வாங்கி வந்து, பெண்ணுக்குச் சீராக அடுக்கிய சாமான் இது. அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. வேலை கொடுங்கள். ஆனால் எதற்கு என்ன வேலை என்று முதலில் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு தட்டையும் இடது கை விரல் நுனிகளில் ஏந்தி, விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று ஒலி நீண்டால் நல்ல தட்டு. ‘டொக்’ என்று அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கலாம். அதில் சூடாக எதையும் போடாதீர்கள். விளிம்பு உடைந்தது, மேல்பூச்சில் வலை வலையாக வெடிப்பு விட்டது, வெடிப்புக்குள் கறை இறங்கியது, இவையும் சாப்பாட்டுக்கு வேண்டாம். ஒட்டினாலும் அது பார்வைக்குத்தான்.

அடுத்தது ஈயம். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். பழைய மங்கின் மேல்பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், ஊறுகாய் என்று புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். படம் மேடாகத் தட்டுப்பட்டால் வண்ணம் பூச்சுக்கு மேலே இருக்கிறது, அதில் ஆபத்து அதிகம். வழவழவென்று இருந்தால் படம் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அப்போதும் பூச்சு எதனால் ஆனது என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே புளியோதரையும் தயிர்சாதமும் இந்தத் தட்டுகளில் கூடவே கூடாது.

உங்கள் நீலத்தட்டில் அழுகிற மாதிரி ஒரு மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள் இருக்கின்றனவா? இருந்தால் அது வில்லோ படம். சீனத்துச் சரக்கு மாதிரித் தெரியும், ஆனால் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவான வடிவம். செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, தட்டில் ஒட்டி எடுப்பார்கள். விளிம்பு வேலைப்பாட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் பூவும் பூவும் சரியாகச் சேராமல் வெட்டுப்பட்டிருக்கலாம். காகிதத்தின் இரண்டு முனையும் சேர்ந்த இடம் அது. எனக்கு அந்தத் தட்டில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

சரி, விருந்து. மதியச் சாப்பாடு வழக்கம்போல வாழையிலையில் நடக்கட்டும். சாயங்காலப் பலகாரத்துக்குத் தட்டுகளை எடுங்கள். தட்டின் நடுக்குழி அளவுக்கு வாழையிலையை வட்டமாக நறுக்கிப் போட்டு, அதன்மேல் தேன்குழல், சீயம், ஆறின கந்தரப்பம். சட்னி தனியாக எவர்சில்வர் கிண்ணத்தில். இலையைச் சுற்றி நீல விளிம்பு தெரியும், பலகாரமும் மங்கில் படாது. மூடிக் கிண்ணத்தில் வெற்றிலையை அடுக்குங்கள். சாஸர் இல்லாத மூன்று கோப்பைகளில் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்து வாசல் பக்கத்து மேஜையில் வையுங்கள். குழந்தைகளுக்கு எவர்சில்வர் போதும்.

டீ செட்டின் அடியில் ‘நிப்பான்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தியது. ‘ஜப்பான்’ என்றால் பிந்தியது. ‘ஆக்குப்பைட் ஜப்பான்’ என்றால் போருக்குப் பிறகு, 1952-க்குள். கோப்பையின் உட்புறம் வண்ணமே இல்லாமல் வெள்ளையாக, கீறலில்லாமல் இருந்தால் கர்ப்பிணிகள் தவிர மற்றப் பெரியவர்களுக்கு அன்று ஒருநாள் காபி கொடுக்கலாம். முதலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கோப்பையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு காபி. மைக்ரோவேவில் வைத்தால் தங்கக் கோடு பொறி பறக்கும். கழுவும்போது பிளாஸ்டிக் டப்பில் துண்டை மடித்துப் போட்டு, ஒவ்வொன்றாக, கையால்தான் கழுவ வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பச்சை நார் வேண்டாம். எங்கள் அம்மாவின் கோப்பையில் நானே அப்படித் தேய்த்து, பாதிச் சுற்றுக் கோட்டை அழித்துவிட்டேன். இன்றும் அதைக் கையில் எடுத்தால் வருத்தமாக இருக்கிறது.

சுவருக்கு வருவோம். பதினான்கையும் மாட்டாதீர்கள், வீடு கடை மாதிரி ஆகிவிடும். நன்றாக ஒலிக்கிற தட்டுகளைப் பலகாரத்துக்கு வைத்துக்கொண்டு, விளிம்பு உடைந்ததிலும் ‘டொக்’ சொன்னதிலுமாக ஐந்தோ ஆறோ போதும். தட்டு அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள். ஸ்பிரிங் கம்பி மாட்டியில் கொக்கி படுகிற நான்கு இடத்திலும் துணி சுற்றுங்கள், இல்லையென்றால் கம்பியே விளிம்பைக் கடித்துவிடும். கதவு வந்து மோதுகிற சுவரும், அடுப்புப் புகை படுகிற சுவரும் ஆகாது. ஜாடிகளில் ஒன்று வாசலில் தென்னம்பாளைக்கு, இன்னொன்று அடுக்களையில் மரக்கரண்டிக்கு. ஊறுகாய்க்குப் புது ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள்: பெட்டியோடு விலை பேசினால் நல்லதும் உடைந்ததும் ஒரே விலைக்குப் போய்விடும். அதைவிட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் ஒரு கோப்பையைக் கையோடு கொண்டுபோய், இல்லாத மூன்று சாஸருக்கும் ஈடாக ஜோடி தேடிப் பாருங்கள். அப்படியே கிடைக்காவிட்டாலும், அதே தங்கக் கோட்டில் வேறு பூப்போட்டது கிடைத்தாலும் அழகுதான்.

சிவப்புப் பெயிண்டில் தின்னர் படவே வேண்டாம். பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போன சாமான் கலந்துவிடாமல் திரும்பி வருவதற்காக எழுதி வைத்தது அது. சுவரில் மாட்டுகிற தட்டுகளில் ஒன்றை மட்டும் திருப்பி, ஆயாவின் எழுத்து தெரிகிற மாதிரி மாட்டுங்கள்.