அனனியாவின் இரண்டு வருடம்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அரசாங்கப் பள்ளிக்கூட ரீச்சர். கணவர் போன வருடம் மாரடைப்பில் காலமானார். ஒரே மகள், ஏழாம் தரம் படிக்கிறாள். கனடாவில் இருக்கும் அண்ணா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்கிறார். புதுவருட நள்ளிரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சடித்துக் கொடுப்பார்களே, அது) எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இரண்டு வருடத்துக்குள் கர்த்தர் உங்களை உயர்த்துவார் என்று பாஸ்டரும் சொன்னார். ஆனாலும் இரவில் பயம் வருகிறது. இது விசுவாசக் குறைவா? வேலையை விடலாமா? போகப்போகிற வீடுதானே என்று ஒழுகுகிற கூரையைக்கூடத் திருத்தாமல் இருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

சின்னவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பயம் விசுவாசக் குறைவா என்று கெத்செமனேயில் வியர்வை இரத்தத் துளிகளாய் விழ ஜெபித்தவரிடம் கேளுங்கள். வேலையை இப்போதைக்கு விடவேண்டாம். 2022இல் நாடு நொடித்துப்போனபோது, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டார்கள். இன்றைக்கு நடைமுறை என்ன என்று வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அது பாஸ்டரிடம் கேட்கிற கேள்வி இல்லை. அண்ணாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

என் கோபமெல்லாம் அந்த அட்டைமேல்தான். ரோசாப்பூப் படம் போட்டுத்தானே இருக்கிறது? எனக்கும் வந்திருக்கிறது. விசாவுக்கும் அதே வசனம், பிள்ளையின் ரிசல்ட்டுக்கும் அதே வசனம். லொத்தர் சீட்டுச் சுரண்டுகிற மாதிரி வேதத்தைச் சுரண்டிப் பார்க்கிறீர்கள். நீங்கள் படிப்பிக்கிற ஆள். ஒரு கடிதத்தின் நடுவரியை மட்டும் வெட்டியெடுத்து வாசித்துவிட்டு, கருத்து விளங்கிவிட்டது என்று உங்கள் மாணவி சொன்னால் விடுவீர்களா?

அது கடிதம்தான். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதியது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று போகிறது. பத்தாம் வசனத்தில் இருக்கிறது எழுபது வருடம். பதினொன்றை அச்சடிக்கிறவர்கள் கண்ணில் பத்து படுவதே இல்லை. இருபது வயதில் போனவனுக்கு எழுபதைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் அநேகம் பேர் பாபிலோன் மண்ணிலேயே புதைபட்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன ஆறுதல் இது.

முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. எல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். (உங்கள் பாஸ்டருக்கும் அதே இரண்டு எங்கிருந்து கிடைத்ததோ!) எரேமியா அதற்கு "ஆமென்" என்றுதான் முதலில் சொல்கிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்று ஆசை இருந்திருக்கும். பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கிறான். எரேமியா சண்டை பிடிக்கவில்லை. தன் வழியே போய்விடுகிறார். மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம் என்ற கர்த்தரின் சொல் பிறகுதான் வருகிறது.

இந்த ஆமெனை நான் ஒருமுறை காதால் கேட்டிருக்கிறேன். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்களும் திருகோணமலையை விட்டு ஓடினோம். மன்னார் பேசாலையில் வள்ளம் ஏறி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் போய் விழுந்தோம். ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன தொழிலாளரை நோய் பார்க்கத் தடுத்து வைத்த இடம் அது. நாங்கள் எதிர்த்திசையில் வந்து அதே வாசலில் நின்றோம். ஒற்றை அறை, வெளியே மணல். அம்மா வந்த மாதமே எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கொம்பு வாங்கி வந்து சுவரோரமாக ஊன்றினா. தறித்த நுனியில் சாணி அப்பி, மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தா. பக்கத்து அறை மாமி சிரித்தா. "நாளைக்குப் போற இடத்தில மரம் நடுறியேடி!"

ஒரு ஞாயிறு பிரசங்கியார் ஒருவர் வந்து, இந்த நத்தாருக்கு நீங்கள் உங்கள் வீடுகளில் இருப்பீர்கள் என்று கர்த்தர் காட்டினார் என்றார். முகாமே அழுதது. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்க "ஆமென்" என்றா. பிறகு எழும்பி, சட்டி கழுவின தண்ணீர் இருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கைக்கு ஊற்றினா.

அந்த நத்தாருக்கு மரம் என் தோளளவு நின்றது. அடுத்த நத்தாருக்கு முருங்கைக்காய்க் குழம்பு. சிரித்த மாமிதான் முதலில் கிண்ணத்தோடு வந்தா. ஐந்தாம் வருடம் நாங்கள் ஊர் திரும்பும்போது அம்மா அந்த மரத்தை மாமியிடம் ஒப்படைத்தா. அழவில்லை. "மயிர்க்கொட்டி வந்தா பந்தம் கொளுத்திக் காட்டு, வெட்டிப்போடாத" என்று மட்டும் சொன்னா. அம்மா எரேமியாவை வாசித்தவவா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

கனடா கேள்வி அப்படியே நிற்கிறது, தெரியும். விசா வரட்டும், போங்கள், வராவிட்டால் இருங்கள். ஆனால் அந்தக் கூரை! ஒழுகுகிற இடத்துக்குக் கீழே படுப்பது யார், மகளா? வாளியை எங்கே வைக்கிறீர்கள்? கச்சான் காற்று அடங்கமுன்னம் ஆளைப் பிடித்து உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். ஐப்பசி பிறந்தால் உப்புவெளியில் ஒரு ஓட்டுக்காரரும் கிடைக்கமாட்டார்.