லாப்ரடார் குட்டி வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். ஸ்பீச் தெரபிக்காக வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் பாலக்காடு போய்வருகிறோம். நாயோடு பழகினால் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் என்று என் நாத்தனார் சொல்கிறார். லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், அம்மா. நாத்தனார் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளரிடம், யாரோடும் ஒட்டாத ஒரு பையன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையில் இருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்க, அவனும் அதைத் தடவிக்கொடுத்தான். அதிலிருந்துதான் அவர் இதை ஆராய ஆரம்பித்து, 1962-ல் கட்டுரையும் எழுதினார்.

ஆனால் தெரபிக்கு வருவது நன்றாகப் பழக்கிய, வளர்ந்த நாய். அதைக் கையாள ஒருவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள தெரபிஸ்ட் ஒருவர் என்று கூடவே இருப்பார்கள். குட்டி அப்படியா? கடிக்கும், ராத்திரியெல்லாம் கத்தும். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய அவஸ்தை.

வேலந்தாவளத்தில் என்னிடம் படித்த பையன் ஒருவன் 'வா' என்று முதலில் சொன்னது ஒரு நாயிடம்தான். சொன்னதும் எழுந்து வந்தது. நாமாக இருந்தால் "என்ன கண்ணு, என்ன வேணும்?" என்று நாலு கேள்வி கேட்டிருப்போம். அதே 'வா'வை அவன் அம்மாவிடம் சொல்ல இன்னும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் ஸ்பீச் தெரபியை அவர்கள் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் தெருநாய்தான். நாயிடம் பிரியம் வந்துவிட்ட பிள்ளை, பஸ் ஸ்டாப்பில் படுத்திருப்பதையும் போய்க் கட்டிப்பிடிப்பான். அது முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினால் 'கிட்டே வராதே' என்று அர்த்தம். அவனுக்கு அது புரியாது. அதனால் 'கேட்டுவிட்டுத் தொடு' என்பதைப் படம் வரைந்து காட்டி முதலில் பழக்குங்கள். நாய் கீறினாலும் வந்து சொல்லத் தெரியாத பிள்ளைகள் இவர்கள். தினமும் குளிப்பாட்டும்போது கை காலைப் பாருங்கள். நாய்க் கீறலோ என்று சந்தேகம் வந்தாலே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

சரி, அவனுக்கு நாய் பிடிக்குமா என்றே இன்னும் தெரியாதே? தெரிந்தவர் வீட்டில் தடுப்பூசி போட்ட, வயதான, சாதுவான நாய் இருந்தால் ஒரு சாயங்காலம் கூட்டிப்போங்கள். அவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளட்டும், இவன் பத்தடி தள்ளி நிற்கட்டும். அவனாகக் கிட்டே போகப் பார்க்கிறானா, உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறானா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.