சப்நெட் கணக்கு ஏன் தவறுகிறது?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, சிஸ்கோ நிறுவனத்தின் கணினி நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ. தேர்வுக்கு நானாகவே படித்து வருகிறேன். மற்ற பாடங்கள் ஓரளவு புரிகின்றன. ஒரு நெட்வொர்க்கைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தவறிவிடுகிறது. தேர்வைத் தள்ளிப்போடலாமா?
– வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: தள்ளிப்போட வேண்டாம். சூத்திரங்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, 256 என்ற எண்ணிலிருந்து தொடங்குங்கள். 192.168.10.77/26 என்ற கணினி முகவரியை எடுத்துக்கொள்வோம். /26 என்றால், முகவரியில் நெட்வொர்க்கைக் குறிக்கும் பகுதி எது என்று காட்டும் மாஸ்க்கின் கடைசி எண் 192. அதை 256-இலிருந்து கழித்தால் 64 வரும். ஆகவே 0, 64, 128, 192 எனத் தொடங்கும் நான்கு கூறுகள் கிடைக்கின்றன. நம்முடைய 77, இரண்டாவது கூறில் விழுவதால், நெட்வொர்க் முகவரி 64-இல் முடியும்; அடுத்த கூறுக்கு முந்தைய எண்ணான 127, அந்தக் கூறிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரியாகும்; இவ்விரண்டும் போக, 65 முதல் 126 வரையுள்ள 62 முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம்.

இப்படி நாள்தோறும் பத்துக் கணக்குகளைக் கால்குலேட்டர் இல்லாமல் தாளில் போட்டுப் பாருங்கள். 120 நிமிடத் தேர்வில், கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்பிச் செல்ல இயலாது என்பதால், இந்த வேகம் மிகவும் தேவை.

சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் என்னும் நெட்வொர்க் பயிற்சி மென்பொருளில் இரண்டு கணினிகளை ஒரே சுவிட்சில் இணைத்து, அதே மாஸ்க்குடன் ஒன்றுக்கு 77, மற்றொன்றுக்கு 130 என முடியும் முகவரிகளைக் கொடுத்துப் பிங் செய்யுங்கள்; அதாவது, ஒன்றிலிருந்து அனுப்பினால் மற்றொன்றிலிருந்து பதில் வருகிறதா என்று சோதியுங்கள். கேபிள் சரியாக இருந்தும் பதில் வராது. இரண்டும் வெவ்வேறு கூறுகளில் இருக்க, அவற்றை இணைக்கும் ரவுட்டர் இடையில் இல்லை என்பதே காரணம். எனக்கு இப்பாடம் தெளிவானது அந்தத் திரையைப் பார்த்தபோதுதான். 130-ஐ 100 என்று மாற்றுங்கள், பதில் வந்துவிடும்.